குவாங்சோவில் சோற்றுக்குப் பஞ்சமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சீனப் பயணம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விசா, விமானக் கட்டணம், எந்தச் சிம் வாங்குவது என்பதையெல்லாம் பொறுமையாக எழுதியவர், சாப்பாட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டுவிட்டார். பாம்பு, தேள் என்று ஒரு வரி. நாலு கால் உள்ளதில் மேசையையும் பறப்பதில் விமானத்தையும் தவிர எல்லாவற்றையும் தின்பார்கள் என்ற அரதப்பழசான நகைச்சுவை ஒரு வரி. (தென் சீனத்தில் இருக்கும் குவாங்சோவின் பழைய பெயர் கான்டன். அந்தக் கேலியைக் கான்டன்காரர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அவர்கள் சொன்னால் அதில் ஒரு பெருமை இருக்கிறது. நாம் சொன்னால் இளக்காரம்தான் தெரிகிறது.) கடைசியில், புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் சின்ன ரைஸ் குக்கரும் கையோடு கொண்டுபோங்கள் என்று ஓர் அறிவுரை. புளிக்காய்ச்சல் நானும்தான் கொண்டுபோவேன், அதில் சண்டையில்லை. ஆனால் குவாங்சோவுக்குப் போகிற நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்றுகூட அந்தப் பத்தியில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், சைவக்காரர்களுக்காக எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் கோவையில் வெட் கிரைண்டரும் சமையலறைச் சாமான்களும் விற்கிறேன். கடைக் கணக்கு கணவர் பொறுப்பு, கொள்முதல் என் பொறுப்பு. அதனால் குவாங்சோ கண்காட்சிக்குப் போய்வருகிறவள். கான்டன் ஃபேர் என்றால் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். 1957-இல் தொடங்கியது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆரம்பித்து, மூன்று கட்டமாக நடக்கிறது. வீட்டு மின்சாதனங்கள் முதல் கட்டத்தில் வரும். பாஜோ என்ற இடத்தில் இருக்கும் அந்த வளாகத்தில் பகல் முழுக்க நடந்தால் ராத்திரி கால் நம் பேச்சைக் கேட்காது.

குழுவாகப் போகிறவர்களிடம் ஏற்பாட்டாளர்கள் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் வாங்கிவிடுகிறார்கள். காலையில் தங்குமிடத்து ரொட்டி, மதியம் பொட்டலம், ராத்திரி பஸ்ஸில் ஏற்றி ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் வட இந்தியச் சாப்பாட்டுக் கடை. பனீர் பட்டர் மசாலா, ஜீரா ரைஸ், ஆறிப்போன நான். கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவர்கள் அந்த நெரிசலில் போவதற்கு ஒரு மணி நேரம், திரும்புவதற்கு ஒரு மணி நேரம். எங்கள் குழுவில் இருந்த ஓர் ஈரோட்டுக்காரர், அந்த ஊருக்குப் பல காலமாகப் போய்வருகிறவர், ஊர் திரும்பும் அன்று விமான நிலையத்தில் என்னிடம் கேட்டார்: "ஏங்க, இந்த ஊர்க்காரங்க என்னதான் சாப்பிடறாங்க?"

நம் ஆட்களை அந்த ஊர்க் கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பது தட்டில் இருப்பது என்னவென்று தெரியாததுதான். அதைச் சொல்லிவிட்டால் பாதிப்பேர் சாப்பிட்டுவிடுவார்கள். மீதிப்பேர் சாப்பிடாமல் இருந்தாலும், எதற்காகச் சாப்பிடவில்லை என்று தெரிந்து ஒதுங்குவார்கள்.

எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "இந்தம்மா எதை வேண்டுமானாலும் தின்பார் போல" என்று நினைத்துவிடுவீர்கள். ஆடு, கோழி, மீன் உண்டு. மாடும் பன்றியும் கிடையாது. செவ்வாய், வெள்ளி கவிச்சியே கிடையாது. கூட வந்த என் கொழுந்தனார் வள்ளலார் வழிக்குப் போனதிலிருந்து முட்டையைக்கூடத் தொடுவதில்லை. இந்த இரண்டு பேரும் அந்த ஊர்க் கடைகளில் வயிறாரச் சாப்பிட்டுத்தான் திரும்பினோம்.

முதலில் அந்த அரிசி மாவுக் கடை. மொழிபெயர்ப்புக்காக நாங்கள் அமர்த்தியிருந்த பெண் குவாங்சோவிலேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் கிரைண்டர்காரர்கள் என்று தெரிந்ததும், உங்களுக்கு ஒன்றைக் காட்ட வேண்டும் என்று சொல்லி லிவான் பகுதியில் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். நாலைந்து மேசை போட்ட சின்னக் கடை. கல்லில் அரைத்த மாவு என்று பலகையில் எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார். வாசலிலேயே ஒரு வாளியில் மாவு. ஊறவைத்த அரிசியை நைசாக அரைத்து, நம் ரவா தோசை மாவைவிடத் தண்ணீராகக் கரைத்தது. பக்கத்தில் இழுப்பறை இழுப்பறையாக ஓர் எவர்சில்வர் பெட்டி, அடியில் கொதிக்கும் தண்ணீர். கடைக்கார அம்மா ஒரு தட்டை இழுக்கிறார், எண்ணெய் தடவுகிறார், ஒரு கரண்டி மாவை ஊற்றித் தட்டை நாலு பக்கமும் சாய்க்கிறார், உள்ளே தள்ளுகிறார். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். வெளியே வரும்போது அடியில் விரல் வைத்தால் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வெந்து, நடுவில் குமிழ் எழும்பியிருக்கிறது. தட்டையான ஒரு சுரண்டியால் வழித்து, சுருட்டி, குறுக்கே நாலு வெட்டு வெட்டி, மேலே சோயா சாறு ஊற்றித் தட்டை நம் முன்னால் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார். சேங் ஃபன் என்பது இதன் பெயர். அந்த ஊர் ஆட்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுகிற காலை உணவு.

கொழுந்தனார் சாப்பிட வந்ததை மறந்துவிட்டு வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உளுந்து இல்லை அண்ணி. புளிக்கவும் வைக்கவில்லை. ஆனால் வெறும் அரிசியும் இல்லை, வேறு என்னவோ சேர்த்திருக்கிறார்கள்" என்றார். விசாரித்ததில், வழுவழுப்புக்காகவும் சுருட்டும்போது கிழியாமல் இருப்பதற்காகவும் கோதுமை ஸ்டார்ச்சும் சோள மாவும் கொஞ்சம் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அரிசி பழசாக இருக்க வேண்டுமாம், புதிய அரிசி ஒட்டிக்கொள்ளுமாம். இதைக் கேட்டதும் எங்களுக்குப் பாதிப் பசி அடங்கிவிட்டது. அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், கல் எவ்வளவு சூடாகலாம் என்றெல்லாம் கொழுந்தனார் கேட்க, அந்தப் பெண் மொழிபெயர்க்க, கடைக்கார அம்மா மாவு ஊற்றுவதை நிறுத்தாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் எரிச்சல்படவில்லை. ஒரு பெரியவர் தானும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

உள்ளே மாட்டிறைச்சி, பன்றி, இறால், முட்டை என்று கேட்டதை வைத்துச் சுருட்டித் தருவார்கள். ஒன்றுமே வைக்காத வெறும் சுருளுக்கு ஜாய் சேங் என்று பெயர். சைவக்காரர்கள் கேட்க வேண்டியது அதைத்தான். இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சில கடைகளில் சோயா சாற்றைக் காய்ச்சும்போது காய்ந்த இறாலோ எலும்போ போடுவது உண்டு. வெறும் சோயா கேட்டால் தருவார்கள். இரண்டாவது, முன்னால் வந்தவருக்கு மாட்டிறைச்சி வெந்த தட்டில்தான் நம்முடையதும் வேகும். கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். கழுவிய தட்டு ஒன்றை எடுத்து ஊற்ற முடியுமா என்று கேட்டோம். அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொதிநீரில் அலசி, எங்களுக்குக் காட்டிவிட்டு ஊற்றினார். நம் ஊரில் எத்தனை பிரியாணிக் கடையில் இதைக் கேட்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். விலை நாலைந்து யுவான்தான். ஒரு யுவான் நம் காசுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல்.

அப்புறம் அவர்களுடைய காலைத் தேநீர். யம் சா என்பார்கள். பெயர்தான் தேநீர்; ஒரு முழுச் சாப்பாடு அதற்குள் இருக்கிறது. விடுமுறை நாள் காலையில் பெரிய தேநீர் மண்டபம் ஒன்றுக்குள் நுழைந்தால் கல்யாணப் பந்தியின் இரைச்சல். வட்ட மேசை ஒவ்வொன்றிலும் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், கைக்குழந்தை. ஒரு ஓரத்தில் ஒற்றை ஆளாக ஒரு முதியவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு தேநீருக்கும் இரண்டு பலகாரத்துக்கும் முழுக் காலைப்பொழுதையும் கழிப்பார். யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை.

உட்கார்ந்ததும் என்ன தேநீர் என்று கேட்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று தேநீருக்குத் தனிக் கட்டணம் பில்லில் ஏறும்; இது தெரியாமல் நம் குழுவில் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார். பூ-ஏர் என்ற கருந்தேநீர் எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தோது. தேயிலையே வேண்டாம் என்பவர்கள் செவ்வந்திப் பூத் தேநீர் கேட்கலாம். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது; நம் ஆட்களின் முகம் வாடும் முதல் இடம் இதுதான். பீங்கான் கிண்ணங்களையும் குச்சிகளையும் முதலில் ஊற்றும் கொதிக்கிற தேநீரிலேயே நாமே அலசிக்கொண்டு, அந்தத் தண்ணீரை அதற்கென வைத்திருக்கும் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும். கடை சுத்தமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, பழக்கம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்தில் இருப்பவர் நமக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் லேசாகத் தட்ட வேண்டும், அதுதான் நன்றி. சியான்லோங் பேரரசர் மாறுவேடத்தில் ஊர் சுற்றும்போது தன் கையால் கூட வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாராம். எழுந்து விழுந்து வணங்கினால் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் விரலை மண்டியிட வைத்தார்களாம். கதைதான். தேநீர் தீர்ந்துவிட்டால் பானை மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வெந்நீரோடு ஆள் வந்துவிடும்.

இப்போது மூங்கில் கூடைக்குள் என்ன இருக்கிறது என்ற விஷயம். பயணக் கட்டுரைகள் "ஆவியில் வெந்த கொழுக்கட்டை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் இடம். ஹா காவ் என்பது இறால். கண்ணாடிபோல் தெரியும் மேல்மாவு கோதுமை ஸ்டார்ச்சில் செய்தது. இறால்தானே என்று நம்பிச் சாப்பிடும் நம்மவர்களுக்குத் தெரியாத ஒன்று, பழைய முறைப்படி செய்கிறவர்கள் பூரணத்தில் பன்றிக்கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். நான் கேட்டேன், ஆமாம் என்றார்கள், நகர்த்திவிட்டேன். சியூ மாய் என்பது பன்றியும் இறாலும் கலந்தது. சா சியூ பாவ் முழுக்கப் பன்றி. முள்ளங்கிப் பணியாரம் என்று ஒன்று வரும், பார்க்கச் சைவமாகத் தெரியும், உள்ளே காய்ந்த இறாலும் பன்றித் தொத்திறைச்சியும் இருக்கும். முட்டை டார்ட்டின் மேலோட்டில் பன்றிக்கொழுப்பு சேர்வதுண்டு. கவலையில்லாமல் எல்லோரும் எடுக்கக்கூடியது மா தாய் கோ. நீர்க்கொட்டையும் (வாட்டர் செஸ்ட்நட்) சர்க்கரையும் போட்டு வேகவைத்த இனிப்புத் துண்டு, பல்லில் நறுக்நறுக்கென்று கடிபடும்.

மாடும் பன்றியும் கழித்துவிட்டால் எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பீர்கள். கோழிக்கால் மிஞ்சியது. நம் கறிக்கடையில் வெட்டித் தள்ளிவிடும் அதே கால்தான். நகத்தை வெட்டி, எண்ணெயில் பொரித்து, குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் உப்பியதும் பூண்டும் நொதித்த கறுப்பு சோயா விதையும் போட்டு ஆவியில் நேரம்போக வேகவைக்கிறார்கள். ஒரு கணுவை வாய்க்குள் போட்டு, தோலை உறிஞ்சிக்கொண்டு, சின்னச் சின்ன எலும்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க வேண்டும். சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எல்லாம் தோலும் சவ்வும்தான். நான் இரண்டாவது கூடை சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த எங்கள் குழுக்காரர் "சகோதரி, இதையெல்லாம் எப்படி..." என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கறிக்கடையில் நின்று தலைக்கறி, குடல், சுவரொட்டி, ரத்தம் என்று சொல்லி வாங்குகிற மனிதர் அவர். ஆட்டுக்கால் பாயாவுக்கு ஆம்பூர் வரை போனவர். கோழிக்காலில் அவருக்கு என்ன அருவருப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். கறுத்துப்போன வாத்து முட்டை, சுண்ணாம்பும் சாம்பலும் உப்பும் பூசி வைத்துப் பழுக்கவிட்டது, வெள்ளைக்கரு தேன் நிறக் கூழாகவும் மஞ்சள்கரு பச்சைச் சாம்பலாகவும் இருக்கும். இஞ்சி ஊறுகாயோடு ஒரு துண்டு சாப்பிட்டேன். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெள்ளைக் கோழி என்று பெருமையாகச் சொல்வார்கள். கோழி இல்லாமல் அவர்களுக்கு விருந்தே கிடையாது. மசாலா ஒன்றும் இல்லாமல் கொதிக்கவிடாத வெந்நீரில் முழுக்கோழியை வேகவைத்து, குளிரவைத்து, எலும்போடு துண்டு போட்டுத் தருவது. எலும்புக்குள் லேசாகச் சிவப்பு இருந்தால்தான் பக்குவமாம். அந்தத் துண்டை நான் ஒதுக்கிவிட்டேன். மற்றத் துண்டுகளை, இஞ்சியும் வெங்காயத்தாளும் உப்பும் போட்டு அதன்மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றிய அந்தத் தொக்கில் தொட்டுச் சாப்பிட்டபோது, கோழிக்கென்று ஒரு ருசி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சைவக்காரர்களுக்கு வருகிறேன். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கான்டன் சமையல்காரர் மேலே கிடக்கும் துண்டை எடுத்துவிட்டுத் தருவார். அடியில் இருக்கும் எலும்புச் சாறு அப்படியே இருக்கும். வெறும் கீரைதானே என்று சொன்னால் அதன்மேல் சிப்பிச் சாறு பளபளவென்று ஊற்றி வரும். அவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது கறி இல்லை. கேட்க வேண்டியது புத்த மதத்தார் விரதச் சாப்பாடு. அதற்கு ஜாய் என்றால் புரியும். கண்டிப்பான ஜாய் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது; நம் ஊரில் வெங்காயம் பூண்டு தவிர்ப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எங்களுக்கு உதவியது ஒரு துண்டுக் காகிதம். தங்குமிட வரவேற்பில் இருந்தவரிடம் சொல்லிச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம்: இறைச்சி, மீன், இறால், முட்டை, சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம், கோயில் சாப்பாடு மாதிரி வேண்டும் என்று. எந்தக் கடையிலும் அதை வாங்கிப் படித்துவிட்டு, முடியும் என்றோ முடியாது என்றோ நேராகச் சொன்னார்கள். நாமாக உச்சரித்தால் இந்த வசதி இல்லை. அந்த மொழியில் ராகம் கொஞ்சம் மாறினால் சொல்லே மாறிவிடும்.

பெய்ஜிங் சாலைக்குப் பக்கத்தில் தாஃபோ கோயில் இருக்கிறது, அங்கேயே சைவச் சாப்பாட்டுக் கூடம் உண்டு. காளான், மரக்காளான், சோயாப் பால் ஏட்டைக் காயவைத்த குச்சி, கண்ணாடிச் சேமியா எல்லாம் போட்டுச் செய்யும் லோ ஹான் ஜாய் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மாதிரி இடங்களில் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் போலிக் கறி செய்வதில் கெட்டிக்காரர்கள். தலை, வால், செதில் எல்லாம் வைத்து மீன் வடிவத்தில் ஒரு தட்டு வந்தபோது கொழுந்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். சோயா என்று எவ்வளவு சொல்லியும் அதை அவர் தொடவில்லை. "சைவமாகவே இருக்கட்டும் அண்ணி, அது என்னைப் பார்க்கிறதே" என்றார்.

சாதாரணக் கடையிலும் காய்கறிக்குக் குறைவில்லை. பாகற்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, முளைக்கீரை, சேப்பங்கிழங்கு என்று நம் உழவர் சந்தையில் இருப்பதில் பாதி அங்கே இருக்கிறது. வள்ளைக்கீரையை நொதித்த சோயாக் கட்டியோடு பெரிய தீயில் ஒரு புரட்டுப் புரட்டித் தருவார்கள். தண்டு நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிடுவார்கள். மசாலாவைத் தேடாமல் கீரையைத் தேடினால் வயிறு நிறையும்.

உடம்புச் சூடு என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொரித்தது அதிகம் தின்றால் சூடு, தொண்டை கட்டும், முகத்தில் பரு வரும். ஒரு வாய் லிச்சிப் பழம் மூன்று தீ என்று அவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. சூட்டைத் தணிக்கத் தெருமுனைக்குத் தெருமுனை லியோங் சா கடை. பலவகை மூலிகை போட்டுக் கறுப்பாகக் காய்ச்சிய கஷாயம். 2006-இல் சீன அரசு இதைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. இருபத்துநாலு சரக்கு என்ற பெயரில் விற்கும் கஷாயத்தை ஒரே மடக்கில் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் சிரித்தபடி ஒரு மிட்டாய் கொடுத்தார்.

இஞ்சிப் பாலைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பான்யூ பகுதியில் ஷாவான் என்ற பழைய ஊர் இதற்குப் பேர்போனது. எருமைப் பாலில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, பொங்கவிடாமல், சுமார் 70 டிகிரி சூட்டில், கிண்ணத்தில் வைத்திருக்கும் புது இஞ்சிச் சாற்றின்மேல் ஒரே வீச்சில் ஊற்றுகிறார்கள். கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. சில நிமிஷத்தில் உறைந்துவிடுகிறது. மோர் உறை இல்லை, முட்டை இல்லை, கடல்பாசி இல்லை. இஞ்சியில் இருக்கும் ஒரு நொதியே பாலைக் கட்டிவிடுகிறது. மேலே கரண்டியை வைத்தால் அது அமிழ்வதில்லை. பால் அதிகம் சூடாக இருந்தால் நொதி செத்துவிடும், ஆறியிருந்தால் உறையாது. இஞ்சியை அரைத்து வைத்துவிட்டால் வேகம் போய்விடும். கொழுந்தனார் அன்று இதை மட்டுமே சாப்பிட்டார். ஊருக்கு வந்து நாங்களும் எருமைப் பாலில் செய்தோம், உறைந்தது. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது, பக்கத்திலேயே விற்கும் இரட்டை ஏட்டுப் பால் என்பது வேறு. ஷுண்டே பகுதியின் புகழ்பெற்ற பலகாரம் அது, அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. ஷுண்டேயை 2014-இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்திருக்கிறது. கண்காட்சிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரியும்?

இஸ்லாமிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிங் ஜென் என்ற பெயர்ப்பலகை, பெரும்பாலும் பச்சை நிறத்தில், இருக்கும் கடைகள் ஹலால். ஆனால் அவை பெரும்பாலும் வடமேற்குச் சீனத்து நூடுல்ஸ் கடைகள், கான்டன் சமையல் அங்கே கிடைக்காது. நிலக்கடலை, இறால் ஒவ்வாதவர்களும் அந்தச் சீன எழுத்துத் துண்டுச் சீட்டை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

காசு விஷயத்தில், மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை வைத்து ஆர்டர் செய்து போனிலேயே பணம் கட்டுவதுதான் அங்கே நடைமுறை. நம் நாட்டு கிரெடிட் கார்டை, அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் கிளம்புவதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும், அங்கே போய் முயன்றால் பாதி நாள் போய்விடும். கூகுள் அங்கே வேலை செய்யாது. மொழிபெயர்ப்புச் செயலியையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்த மாதிரிக் கட்டுரை வரும்போது பாம்பு, தேளுக்கு ஒதுக்கும் இடத்தில், எதில் என்ன இருக்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். பன்றி எதில், மாடு எதில், கொழுப்பு எதில், சைவக்காரர் என்ன சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவு போதும். குழு ஏற்பாட்டாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பணம் வாங்காமல், ஒரு வேளையாவது ஆளின் விருப்பத்துக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பனீர் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் பஸ் ஏறட்டும்.

அக்டோபர் கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஆகஸ்டிலேயே விசாவுக்கு ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் வெளியிட்டால் உபயோகமாக இருக்கும். குறிப்புகள் எல்லாம் என் கடை நோட்டிலேயே இருக்கின்றன, கேட்டால் எழுதி அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம், எழுத்துப் பிழை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிரைண்டர் கடை வாசகி,
கோயம்புத்தூர்.